ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக

(கொச்சி வெலிங்டன் தீவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கப்பல் தொழிலோடு பழகியவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொற்றொடரிலிருந்து பேச்சைத் தொடங்குகிறேன். கப்பலை வாடகைக்குப் பிடிக்கும் ஒப்பந்தத்தில் சரக்கை ஏற்றவோ இறக்கவோ இத்தனை நாள் என்று ஒரு கெடு எழுதுவார்கள். கெடு தாண்டினால் சரக்குக்காரர் கப்பல்காரருக்கு டெமரேஜ் கட்ட வேண்டும். அந்த நாட்களை எப்படி எண்ணுவது என்பதற்குத்தான் இந்தச் சொற்றொடர்: ‘வானிலை இடங்கொடுக்கும் வேலை நாட்கள், ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக.’ கப்பல் வட்டாரத்தில் இதன் பின்பகுதிக்குச் சுருக்கப் பெயர் ‘ஷெக்ஸ்’. ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் சேரும் என்றால் ‘ஷிங்க்’. உர மூட்டையோ சர்க்கரையோ இறங்கும்போது இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சரக்கறையின் வாயான ஹேட்ச்சை மூடிவிடுவார்கள். எத்தனை மணிக்கு மழை தொடங்கியது, எத்தனை மணிக்கு விட்டது என்பதைக் கப்பல் ஏஜெண்ட் நிமிடம் பிசகாமல் குறித்து வைப்பார். அந்த நேரம் கெடுவில் சேராது. மழைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் பண்டிகைக்கும் விலை என்ன, அதை யார் கொடுப்பது என்பதையெல்லாம் கப்பல் இந்தக் கரைக்கு வருமுன்பே பேசி, எழுதி, கையொப்பமும் இட்டுவிடுகிறார்கள். என் கேள்வி, மூடிய ஹேட்ச்சின் பக்கத்தில் மழையில் ஒதுங்கி நிற்கும் ஆளைப் பற்றியது. அவனுடைய அந்த ஒரு மணி நேரம் எந்தக் கணக்கில் சேர்கிறது?

விடுமுறை பற்றிய நம் விவாதங்கள் எல்லாம் எண்ணிக்கையைச் சுற்றியே நடக்கின்றன. ஆண்டுக்கு இத்தனை நாள் போதுமா, கூடுதலா, இந்தப் பண்டிகையைச் சேர்ப்பதா, அந்தத் தலைவரின் பிறந்தநாளை நீக்குவதா என்று பேசுகிறோம். எண்ணிக்கை இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் வாதம். முதல் கேள்வி, யாருடைய பெயர் பதிவேட்டில் இருக்கிறது என்பது. வேலை இல்லாத நாள் வேறு, விடுமுறை நாள் வேறு. முன்னதில் அடுப்பு எரியாது, பின்னதில் எரியும். அந்த வேறுபாட்டை உண்டாக்குவது கூலி, கூலியை உண்டாக்குவது பெயர்ப்பதிவு. பதிவு இல்லாதவனுக்கு நாட்காட்டியில் எத்தனை சிவப்புத் தேதிகளைக் கூட்டினாலும் அவை பட்டினி நாட்களாகவே வந்து சேரும். இந்த வாதத்துக்கான சான்று தொலைவில் இல்லை. கால்வாயைக் கடந்தால் மட்டாஞ்சேரி.

நாம் நிற்கும் இந்த நிலமே கூலிவேலையில் பிறந்தது. 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி, காயலை ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணைக் கொட்டித் தீவாக்கினார். வாய்வழக்கில் நாம் வெலிங்டன் என்கிறோம். பெயருக்கு உரியவர் வில்லிங்டன் பிரபு. வைஸ்ராய் ஆவதற்கு முன் சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர், அதனால் தமிழருக்கும் பழகிய பெயர்தான். 1928 மே மாதம் ‘பத்மா’ என்ற கப்பல் புதிய வாய்க்கால் வழியாக உள்ளே வந்தது. 1936-இல் கொச்சி பெருந்துறைமுகம் ஆனது. கிழக்கே எர்ணாகுளம் வார்ஃப், மேற்கே மட்டாஞ்சேரி வார்ஃப் என்று இரண்டு கரைகளிலும் கப்பல்கள் கட்டின. அந்தக் கப்பல்களில் ஏறி இறங்கிய ஆட்களை எப்படி வேலைக்கு எடுத்தார்கள் என்பதை மட்டாஞ்சேரி இன்னும் மறக்கவில்லை. அதன் பெயர் ‘சாப்பா’. சாப்பா என்பது ஓர் உலோக வில்லை. காலையில் வேலை தேடிக் கூட்டமாக நிற்பவர்களை நோக்கி மூப்பன், அதாவது கங்காணி, வில்லைகளை வீசுவான். முண்டியடித்து, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, எவன் கையில் வில்லை சிக்குகிறதோ அவனுக்கு அன்று வேலை. மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டும். மறுநாள் மறுபடி அதே கூட்டம், அதே வீச்சு.

இந்த முறைக்குள் விடுமுறை என்ற சொல்லை வைத்துப் பாருங்கள், எங்கும் ஒட்டாது. வில்லை கிடைக்காத நாளெல்லாம் அவனுக்கு வேலையில்லா நாள்தான், ஆனால் எதிலும் ஓய்வு இல்லை. வில்லை கிடைத்தவனும் அன்று மாலை வரைதான் தொழிலாளி, இருட்டினால் யாரோ. நேற்றைய உழைப்பு இன்றைக்கு எந்த உரிமையையும் சேர்த்து வைக்காது. சாப்பாவை ஒழித்து முறையாக வேலை பங்கிட வேண்டும் என்று கேட்டு 1953-இல் நடந்த வேலைநிறுத்தம் 75 நாள் நீண்டது. செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தப் போராட்டத்தில் உயிர் கொடுத்தவர்களாகச் சைது, சைதலவி, ஆன்டணி ஆகிய மூவரைத் துறைமுகத் தொழிலாளர் வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. கே. எம். சிதம்பரன் எழுதிய ‘துறமுகம்’ நாடகத்துக்கும், பின்னர் ராஜீவ் ரவி இயக்கிய அதே பெயருள்ள திரைப்படத்துக்கும் இதுதான் கரு. அந்தத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கியது கூடுதல் விடுமுறை கேட்டு அல்ல. தங்கள் பெயர் ஒரு பேரேட்டில் ஏற வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. விடுமுறை அதற்குப் பின்னால் தானே வந்தது.

எப்படி வந்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் 1948-இல் வந்தது. அதன் கீழ் முதலில் சென்னை, மும்பை, கொல்கத்தா துறைமுகங்களுக்கும், 1959-இல் கொச்சிக்கும் திட்டங்கள் வந்தன. ஆட்களைப் பதிவு செய்து ஒரு பொதுத் தொகுப்பில் வைப்பார்கள். முதலாளி மாறினாலும், கப்பல் மாறினாலும், ஆள் திட்டத்தை நடத்தும் துறைமுகத் தொழிலாளர் வாரியத்தின் ஆள். மாதத்தில் இத்தனை நாள் கூலி நிச்சயம் என்று ஓர் அடிமட்டம் இருந்தது. வேலைக்கு வந்து நின்றும் வேலை கிடைக்காத நாளுக்கு வருகைப்படி இருந்தது. வேலைக்கு அனுப்பப்பட்ட இடத்தில் மழையாலோ வேறு காரணத்தாலோ வேலை தொடங்காமல் போனால் அதற்கென்று ஒரு தொகை இருந்தது. திட்டத்தின் ஆங்கில மூலத்தில் அதன் பெயரைத் தமிழாக்கினால் ‘ஏமாற்றப் பணம்’ என்று வரும். நம்பி வந்தவனின் நாள் ஏமாற்றமாய்ப் போனதற்கு ஈடு. இவற்றோடு சேர்ந்து, அதே திட்டத்தில், கூலியோடு கூடிய விடுமுறை நாட்களும் இடம்பெற்றன. கப்பல்காரரும் சரக்குக்காரரும் மழைக்கு எழுதிவைத்த கணக்குக்கு இணையாகத் தொழிலாளிக்கும் ஒரு கணக்கு அப்போதுதான் எழுதப்பட்டது. ஹேட்ச் மூடியபோது கப்பலின் கெடு நின்றது, ஆளின் கூலி நிற்கவில்லை. பல முதலாளிகளிடம், நாளுக்கொரு கப்பலில், நிலையில்லாமல் வேலை செய்பவனுக்குக் கூலியோடு விடுப்பு கொடுக்க முடியாது என்று யாராவது சொன்னால், அவர்கள் இந்தத் துறைமுகத்தின் வரலாற்றைப் படிக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இந்த வரிசையை, அதாவது முதலில் பதிவு, பிறகு நாள் என்பதை, உலக வரலாறும் உறுதி செய்கிறது. நம் நாட்டில் ‘பொது விடுமுறை’ என்ற சொல்லுக்குச் சட்டப் பொருள் தந்த பழைய சட்டங்களில் ஒன்று 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறி ஆவணங்கள் சட்டம். அதன் 25-ஆம் பிரிவின்படி, ஒரு பிராமிசரி நோட்டோ உண்டியலோ முதிரும் நாள் பொது விடுமுறையில் விழுந்தால், அதற்கு முந்தைய வேலை நாளிலேயே அது முதிர்ந்ததாகக் கொள்ள வேண்டும். அரசு இன்றும் பொது விடுமுறைகளை அறிவிப்பது இந்தப் பிரிவை வைத்துத்தான். இங்கிலாந்தில் 1871-இல் வந்த வங்கி விடுமுறைச் சட்டமும் இந்த வகைதான். விடுமுறை முதலில் ஏட்டில் ஏறிய தாளுக்குக் கிடைத்தது, ஆளுக்குப் பிறகுதான். ஆளுக்குக் கிடைக்க, தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டே போன்றவர்கள் போராட வேண்டியிருந்தது. பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை 1890 ஜூனில் ஒப்புக்கொள்ளப்பட்டது. 1891-இன் தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வைச் சட்டமாக்கியது. வாரத்தில் எந்த நாள் என்பது வழக்கத்தைப் பொறுத்தது. மட்டாஞ்சேரியிலேயே யூதத் தெருவுக்குச் சனி, பள்ளிவாசல் தெருவுக்கு வெள்ளி, தேவாலயத் தெருவுக்கு ஞாயிறு என்று நடை தூரத்தில் மூன்று ஓய்வு நாட்கள் இருந்தன. இலங்கை 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்குப் பதில் பௌர்ணமி, அமாவாசை, அட்டமி என்று போயா நாட்களையே வார ஓய்வாக வைத்துப் பார்த்து, பிறகு ஞாயிற்றுக்கே திரும்பியது. நாளை மாற்றிப் பார்க்கலாம், உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது. அந்த நாளுக்குக் கூலி உண்டா என்பதில்தான் வாழ்வும் தாழ்வும்.

இனி நடப்புச் சட்டத்துக்கு வருவோம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டங்கள் ஒரே ஆண்டில், 1958-இல், இயற்றப்பட்டன. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள் ஆகிய நான்கும் இன்று இரண்டு மாநிலச் சட்டங்களிலும் உண்டு. அவற்றோடு தமிழ்நாட்டில் ஐந்து பண்டிகை நாட்கள், ஆக ஒன்பது. கேரளத்தில் ஒன்பது பண்டிகை நாட்கள், ஆக பதின்மூன்று. அன்று வேலை வாங்கினால் இரட்டைக் கூலி தர வேண்டும், அல்லது அன்றைய கூலியோடு மாற்று விடுமுறை தர வேண்டும். பண்டிகைகள் எவை என்பது முதலாளியும் தொழிலாளியும் கலந்து பேசி, ஆய்வாளரின் ஒப்புதலோடு முடிவாகும். இந்தப் பட்டியலில் யாருடைய பண்டிகை ஏறுகிறது என்பதும் சிறிய விஷயமல்ல. பொங்கலுக்குக் கேரள அரசு அளிக்கும் உள்ளூர் விடுமுறை திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டா, இடுக்கி, பாலக்காடு, வயநாடு ஆகிய ஆறு மாவட்டங்களுக்கு. தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் மட்டாஞ்சேரி இருக்கிற எர்ணாகுளம் மாவட்டம் அதில் இல்லை. இங்கே பொங்கல் வைக்க விரும்பும் தொழிலாளிக்குப் பேச்சுவார்த்தை மேசையில் கிடைக்கும் அந்த ஒன்பதில் ஒன்றுதான் வழி. அந்த மேசையில் உட்கார அவன் பெயர் முதலில் மஸ்டர் ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நிற்கிறோம்.

பண்டிகை விடுமுறையைவிட ஈட்டிய விடுப்பில் இந்த வாசற்படி இன்னும் உயரம். 1948-இன் தொழிற்சாலைச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, உழைத்த இருபது நாளுக்கு ஒரு நாள் கூலியோடு விடுப்பு என்றது. ஆனால் ஓர் ஆண்டில் 240 நாள் உழைத்திருக்க வேண்டும். பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் இதை 180 நாளாகக் குறைத்தது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. குறைத்தது நல்லதே. ஆனால் படியைத் தாழ்த்தினார்களே ஒழிய எடுக்கவில்லை. மற்றச் சட்டங்களின் படிகளோடு இதை ஒப்பிடுங்கள். மகப்பேறு நல விதிகளில் பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் உழைத்த பெண்ணுக்கு 26 வாரம் வரை கூலியோடு விடுப்பு உண்டு. தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் நோய்க்கால உதவி உண்டு. 80 நாளில் ஒருவரைத் தொழிலாளி என்று ஏற்றுக்கொள்ளும் அரசுதான், இருபதுக்கு ஒன்று என்ற எளிய ஓய்வுக்கு மட்டும் முன்பு 240 நாள் கேட்டது, இப்போது 180 நாள் கேட்கிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்குக் கொள்கைக் காரணம் எதுவும் இல்லை, பழக்கம் மட்டுமே காரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேரளக் கரையில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. இறால் பதனிடும் ஆலைகளில் அந்தக் காலத்தில் வரத்து குறையும், ஒப்பந்த ஆட்களைக் குறைப்பார்கள். ஒருவர் ஓர் ஆண்டில் மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் தலா 80 நாள் வேலை செய்கிறார் என்று வையுங்கள். மொத்தம் 240 நாள் உழைப்பு. ஒரே இடத்தில் உழைத்திருந்தால் பன்னிரண்டு நாள் கூலியோடு ஓய்வு. மூன்று இடத்தில் உழைத்ததால் ஒரு நாள் ஓய்வும் இல்லை. விசித்திரம் என்னவென்றால், அதே 79-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ, 240 நாள் நிறையாவிட்டாலும் இருபதுக்கு ஒன்று என்ற வீதத்தில் விடுப்புக்கான கூலியைக் கொடுக்கச் சொன்னது. ஆக, விடுப்பு ஒவ்வொரு நாள் உழைப்பிலும் துளித்துளியாகச் சேர்கிறது என்பது சட்டத்துக்கே தெரியும். வெளியே போகிறவனுக்கு அந்தத் துளிகளை எண்ணித் தரச் சொல்கிறது. உள்ளே இருப்பவனிடம் மட்டும் குடம் நிறையட்டும் என்கிறது. எண்பது நாளுக்கு நான்கு நாள் கூலி தனக்கு உண்டு என்று எந்த ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தெரியும்? தெரிந்தாலும், தான் எண்பது நாள் உழைத்ததற்கு அவர் கையில் என்ன சான்று?

இங்கே சில மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். இந்தியாவில் ஏற்கெனவே விடுமுறைகள் அதிகம், இன்னும் நீட்டினால் உற்பத்தி என்ன ஆகும் என்பது முதலாவது. இதைச் சொல்பவர்கள் இரண்டு பட்டியல்களை ஒன்றாகக் குழப்புகிறார்கள். அரசு அலுவலகமும் வங்கியும் மூடும் நாட்கள் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இருபதைத் தாண்டும். தனியார் ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் உறுதி தருவது ஒன்பதுதான். ஒப்பந்த ஆளுக்கு அந்த ஒன்பதும் காகிதத்தில்தான். ஒரு ஹர்த்தால் நாளைப் பாருங்கள். கடை அடைத்து, பேருந்து நின்று, ஊரே ஓய்ந்தது போலத் தெரியும். மாதச் சம்பளக்காரர் பலர் இருக்கிற விடுப்பில் ஒன்றைக் கழித்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம். நாள்கூலிக்காரருக்குக் கழிக்க எதுவும் இல்லை, அன்றைய கூலிதான் கழியும். விடுமுறை அதிகம் என்று நம் கண்ணில் படுவது, ஒரு பகுதியாரின் ஓய்வும் இன்னொரு பகுதியாரின் கூலியிழப்பும் ஒரே தேதியில் விழுவதால் ஏற்படும் மயக்கம்.

துறைமுகம் இருபத்துநான்கு மணி நேரமும் ஓட வேண்டிய இடம், கப்பல் காத்திருந்தால் நாளொன்றுக்குப் பெருந்தொகை நட்டம், இங்கே விடுமுறை பேசலாமா என்பது இரண்டாவது மறுப்பு. துறைமுகம் ஓடட்டும். அங்குள்ள ஒவ்வோர் ஆளும் ஓட வேண்டும் என்பதில்லையே. சுழற்சி முறை, மாற்று விடுமுறை, இரட்டைக் கூலி ஆகிய மூன்றும் இதற்காகவே கண்டுபிடிக்கப்பட்டவை. ‘ஷிங்க்’ என்று ஒப்பந்தம் எழுதும் சரக்குக்காரர் ஞாயிறன்றும் வேலை நடக்கும் என்பதை வாடகைக்குள் வைத்தே பேரம் பேசுகிறார். அந்த ஞாயிற்றின் விலையில் ஒரு பங்கு அன்று உழைத்தவனுக்குப் போவதில் வியாபார நியாயம் எதுவும் கெடாது. இதோடு கேரளத்தின் ‘நோக்குகூலி’ வழக்கத்தையும் சேர்த்துக் குறை சொல்வார்கள். வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்குக் கூலி கேட்கும் அந்த வழக்கத்தை மாநில அரசு 2018 மே 1 முதல் தடை செய்தது, அது சரியே. ஆனால் மழைக்கு வாரியம் கொடுத்த ஈட்டையும் நோக்குகூலியையும் ஒரே தராசில் வைக்க முடியாது. முன்னது வேலைக்கு வந்து நின்றவனுக்கு ஒழுங்கான திட்டம் தந்த உரிமை. பின்னது ஒழுங்கு இல்லாத இடத்தில் கும்பலாகப் பிடுங்கியது. பதிவும் பங்கீடும் முறையாக இருக்கும் இடத்தில் பிடுங்கலுக்கு இடமே இருக்காது.

மூன்றாவது மறுப்பு கணக்கப்பிள்ளைகளிடமிருந்து வரும்: நாள்கூலியிலேயே விடுமுறைக் கூலி அடங்கியிருக்கிறது என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. மாதக் கூலியிலிருந்து நாள்கூலியைக் கணக்கிடும்போது 26-ஆல் வகுப்பது நம் நாட்டு வழக்கம். பணிக்கொடைக் கணக்கும் அந்த 26-ஐத்தான் பயன்படுத்துகிறது. 15,600 ரூபாயை 26-ஆல் வகுத்தால் 600, முப்பதால் வகுத்தால் 520. நடுவில் உள்ள 80 ரூபாய்தான் ஞாயிற்றுக்கிழமையின் விலை. ஆகவே குறைந்தபட்சக் கூலியை ஒழுங்காகக் கொடுக்கும் இடத்தில் வார ஓய்வு கூலிக்குள் இருக்கிறது என்று சொல்லலாம். பண்டிகை நாளும் ஈட்டிய விடுப்பும் அதற்குள் இல்லை. இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், சீட்டில் தனி வரியாகப் பிரித்துக் காட்டட்டும். ஐரோப்பிய நீதிமன்றம் 2006-இல் இதே கேள்வியை எதிர்கொண்டது. விடுப்புக் கூலியை அன்றாடக் கூலியோடு கலந்து கொடுத்துவிட்டால் தொழிலாளி ஓய்வே எடுக்கமாட்டான், ஆகவே அது கூடாது என்றது. பிரிட்டன் பின்னர், 2024 முதல், நிலையில்லாத நேரமோ ஆண்டில் ஒரு பகுதியோ உழைப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கலப்பைத் திரும்ப அனுமதித்தது. அங்கும் அதைச் சம்பளச் சீட்டில் தனியே காட்ட வேண்டும் என்பது விதி. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவு: கண்ணுக்குத் தெரியாத விடுப்பு, கிடைக்காத விடுப்பு.

தொழிலாளியே ஓய்வைவிடப் பணத்தைத்தானே விரும்புகிறான், சட்டம் ஏன் வற்புறுத்த வேண்டும் என்பதும் ஒரு கேள்வி. கூலி குறைவாக இருக்கும்போது அவன் பணத்தைக் கேட்பது இயல்பு. அதை விருப்பம் என்று எடுத்துக்கொண்டால் தவறிவிடுவோம். தொழிற்சாலைச் சட்டத்தை எழுதியவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். நான்கு நாளோ அதற்கு மேலோ விடுப்பில் போகிறவருக்கு அந்த நாட்களின் கூலியை, விடுப்பு தொடங்குமுன்பே கையில் கொடுத்துவிட வேண்டும் என்று 81-ஆம் பிரிவில் எழுதினார்கள். ஊருக்குப் போக ரயில் டிக்கெட்டும், பிள்ளைகளுக்குத் துணியும் வாங்கப் பணம் முன்னதாக வேண்டும். கையில் காசு இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் அது ஓய்வாகாது என்ற அறிவு அந்தச் சிறிய பிரிவுக்குள் இருக்கிறது. நம் அரசமைப்பின் 43-ஆம் கூறு வாழ்வூதியத்தையும் ஓய்வைத் துய்ப்பதையும் சேர்த்தே சொல்வதற்கும் இதுவே காரணம்.

கடைசி மறுப்புதான் கனமானது: சிறு முதலாளியால் தாங்க முடியாது, ஆள் மாதத்துக்கொரு இடம் மாறும்போது யார் கணக்கு வைப்பது? தாங்க முடியாது என்பதற்கு விடை எண்ணில் இருக்கிறது. இருபதுக்கு ஒன்று என்பது கூலியில் ஐந்து சதவீதம். யார் கணக்கு வைப்பது என்பதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. பிரான்சில் 1936-இல் எல்லாருக்கும் இரண்டு வாரம் கூலியோடு விடுப்பு என்று சட்டம் வந்தபோது, கட்டடத் தொழிலிலும் துறைமுகத்திலும் இதே சிக்கல் எழுந்தது. ஆள் இன்று ஒருவரிடம், நாளை வேறொருவரிடம். அதற்காக விடுப்புக்கென்றே பொது நிதிகளை அமைத்தார்கள். முதலாளிகள் அதில் பணம் கட்டுவார்கள், விடுப்பு எடுக்கும்போது நிதி கூலி கொடுக்கும். டென்மார்க்கில் மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்காக முதலாளி கூலியின் பன்னிரண்டரை சதவீதத்தை ஒரு விடுப்புக் கணக்கில் செலுத்துகிறார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. கேரளத்தில் 1978-ஆம் ஆண்டின் சுமைதூக்கும் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. வணிகர்கள் கூலியையும் அதன் மேல் ஒரு வரித்தொகையையும் வாரியத்தில் கட்ட, வாரியம் தொழிலாளிக்குக் கொடுக்கும் ஏற்பாடு அதில் உண்டு. மகாராஷ்டிரத்தின் மாத்தாடிச் சட்டம் 1969-லேயே இந்த வழியைத் திறந்தது. வருங்கால வைப்பு நிதி 1952 முதல் இருக்கிறது. இன்று அதற்கென்று ஓர் எண் ஆளோடு ஊர் ஊராகப் போகிறது. ஓய்வுபெற்ற பிறகு கிடைக்கும் பணம் அந்த எண்ணோடு பயணம் செய்ய முடியுமானால், ஓய்வுபெறுவதற்கு முன்னால் கிடைக்க வேண்டிய நான்கு நாள் ஓய்வும் அதனோடு போக முடியும்.

ஆகவே நான் கேட்பது மூன்று. விடுப்பு முதல் நாளிலிருந்தே சேரட்டும், 180-உம் 240-உம் வேண்டாம். அது முதலாளியைச் சாராமல் ஆளின் கணக்கில் சேரட்டும். ஒவ்வொரு கூலிச் சீட்டிலும், இன்று வரை உழைத்த நாள் இத்தனை, சேர்ந்த விடுப்பு இத்தனை, எடுத்தது இத்தனை என்று ஒரு வரி இருக்கட்டும். இவை வந்த பிறகு ஒன்பதா பதின்மூன்றா, பொங்கலைச் சேர்ப்பதா என்று நாம் நியாயமாக வாதிடலாம். அதற்கு முன் எண்ணிக்கையைக் கூட்டுவது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு இன்னொரு நாற்காலி போடுவதாகவே முடியும். துறைமுகமே இதற்கு எச்சரிக்கை. பெட்டகக் கப்பல்கள் வந்தன, மூட்டை சுமப்பது குறைந்தது, 1997-இல் வந்த சட்டம் வாரியங்களைத் துறைமுகத்தோடு இணைக்க வழி திறந்தது, 2011-இல் வல்லார்பாடம் பெட்டக முனையம் இயங்கத் தொடங்கியது. பழைய வாரியம் தேவையில்லாமல் போயிருக்கலாம். பல முதலாளிகளிடம் மாறி மாறி உழைக்கும் மனிதன் தேவையில்லாமல் போகவில்லை. அவன் இப்போது கிடங்கிலும் லாரியிலும் உணவு கொண்டு செல்லும் ஸ்கூட்டரிலும் இருக்கிறான். அவன் கைப்பேசியில் காலையில் வந்து விழும் ஆர்டரைப் பிடித்தவனுக்கு வேலை, பிடிக்காதவனுக்கு இல்லை. வில்லையின் வடிவம்தான் மாறியிருக்கிறது.

மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு விட்டது என்று கப்பலுக்காக ஏஜெண்ட் குறித்து வைக்கும் தாளைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். அதில் கப்பல் தலைவரும் கையொப்பமிடுவார், சரக்குக்காரரின் ஆளும் கையொப்பமிடுவார். பிறகு லண்டனில் வழக்கு நடந்தாலும் அந்தத் தாள் பேசும். அதைப் போன்ற ஒரு தாள், இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட ஒரு தாள், ஹேட்ச்சின் பக்கத்தில் ஒதுங்கி நின்றவன் சட்டைப் பையிலும் இருக்க வேண்டும். அவன் ஊருக்குப் போகும் நாளை அவனே எண்ணிக்கொள்வான்.